சயாவுக்கு வில் வாங்கப் போன நாள்

அண்ணனின் வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனது நகரின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில், தகர மூடி செய்யும் ஆலையில். அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால், கை உள்ளே போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அதனால் வேலை மெதுவாகிறது என்று மேலாளர் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றிய அதே மாதம் அண்ணன் கை உள்ளே போய்விட்டது. மருத்துவமனைக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் வந்தது. அனுப்பிய மேலாளர் வரவில்லை.

அவர் எங்கள் பசுந்தாங் வீட்டுப் படியேறி வந்தது சில மாதம் கழித்து, கோடை வெயில் ஏறத் தொடங்கிய பிறகு. அண்ணனின் உடம்பை விசாரிக்க வந்தார் என்று நினைத்து நான் தேநீர் போட்டேன். வந்த காரியம் வேறு. காட்டுச்சேவல் கூவுகிற பருவம் தொடங்கிவிட்டது. துப்பாக்கி வைத்திருக்க வழியில்லாத காலம் அது. பெகு மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போக அவருக்கு ஒரு வில் வேண்டும். ஆலையில் வில் தெரிந்த ஆள் அண்ணன் ஒருவன்தான். விரல் போகும் முன் லீவு நாளில் கரேன் இன நண்பர்களோடு மூங்கில் வில்லைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக்கோழி அடித்து வருவான்.

"நீ வந்து பார்த்து எடுத்துக் கொடு. உன்ன விட்டா எனக்கு யாரு?" என்றார் பர்மிய மொழியில்.

"வர்றேன் சயா," என்றான் அண்ணன்.

முதலாளியையும் வாத்தியாரையும் அழைக்கிற அந்தச் சொல்லை அவன் சொன்ன பணிவு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கீழே இறங்கியதும் கேட்டேன். "அண்ணே, ஒனக்கு ரோஷமே இல்லியா?"

"ஆலை வாசல்ல காவல் வேலை காலியா இருக்கு. அவரு நெனச்சா எனக்குக் கெடைக்கும். நீ வாய மூடிக்கிட்டு இரு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நானும் கூடவே கிளம்பினேன். வேண்டாமென்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். நான் கேட்கவில்லை.

கியாக்டடாவில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த அலுவலகத்துக்குப் பின் தெருவில், பூப்பந்து மட்டையும் கால்பந்தும் விற்கிற கடை ஒன்று. தாய்லாந்து எல்லை வழியாக வந்த வில்களைக் கடைக்காரர் உள்ளறையில் வைத்திருந்தார். அன்று இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு நிறம், சாதாரண வில், இழுக்க நாற்பது பவுண்டு பலம் கேட்பது. மற்றது இரண்டு முனையிலும் கப்பி வைத்தது, அறுபது பவுண்டு, வெள்ளி போல மின்னியது. சயாவின் கண் நேரே அதற்குத்தான் போனது.

"இது வேணாம் சயா," என்றான் அண்ணன். "காட்டுச்சேவலுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. பளபளன்னு எதைப் பார்த்தாலும் ஓடிரும். பழக்கின சேவல் ஒண்ணக் கட்டிப் போட்டு, புதர்ல உக்காந்துக்கணும். காட்டுச்சேவல் அதோட சண்டைக்கு வரும்போது அசையாம, சத்தமில்லாம இழுக்கணும். லேசான வில்லுதான் நல்லது."

அம்பையும் அப்படித்தான் பார்த்தான். ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் உருட்டி, வளைந்ததை ஒதுக்கினான். ஊசி முனை வேண்டாம், பறவை அம்போடு மூங்கில் காட்டுக்குள் ஓடிச் செத்துக் கிடக்கும், அகலமான முனைதான் வேண்டும் என்றான். சயா பட்டாள உடுப்புப் போலப் பச்சைத் திட்டுப் போட்ட சட்டை ஒன்றைக் கையில் எடுத்தபோது மட்டும் அண்ணனின் குரல் தாழ்ந்தது. "இதப் போட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா, பட்டாளத்துக்காரன் கலகக்காரன்னு நம்மளத்தான் மொதல்ல புடிப்பான்." சயா அதைச் சட்டென்று கீழே வைத்தார்.

இவ்வளவு அக்கறையாக அவன் எங்களுக்குக்கூட எதையும் வாங்கித் தந்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

சயாவின் மனம் மட்டும் கப்பி வில்லை விட்டு இறங்கவில்லை. கடைக்காரரும் அதையே புகழ்ந்துகொண்டிருந்தார். கடைசியில் சயா அதை எடுத்து அண்ணன் முன் நீட்டினார்.

"அவ்வளவு கஷ்டமாவா இருக்கும்? எங்க, நீ ஒரு தடவ இழுத்துக் காட்டு."

கடைக்காரர் அண்ணன் கையைப் பார்த்தார். அண்ணன் சிரித்தபடி அந்தக் கையை லுங்கி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எதால இழுக்கறது சயா?" என்று பர்மிய மொழியில் கேட்டேன். என் குரல் தெருவரை போயிருக்கும். "நாணப் புடிக்கிற ரெண்டு விரலையும் ஒங்க மெஷின் தின்னுட்டுது. தடுப்பக் கழட்டச் சொன்னது நீங்கதானே? அந்த வெரல எங்க போட்டீங்க, குப்பையிலயா?"

சயாவின் முகம் சிவக்கவில்லை, கறுக்கவும் இல்லை. "அட, மறந்தே போயிட்டேன்," என்றார்.

மறந்துவிட்டாராம்! அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அண்ணன் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சயா வெள்ளி வில்லையே கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அதற்கு அம்பு பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் இருவரும் வேட்டைக்குப் போனார்கள். திரும்பி வந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சேவல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றதாம். சயா வில்லைத் தலைக்கு மேலே தூக்கி, பல்லைக் கடித்து, காவடி ஆடுகிற மாதிரி இழுத்தாராம். பாதி வரைகூட நாண் வரவில்லை. சேவல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வில் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

"அவருக்கு வேணாமாம். என்னய வச்சுக்கச் சொல்லிட்டாரு," என்றான்.

"ஒன்னால இழுக்க முடியாதே அண்ணே!"

"பார்த்துக்கிட்டு இருக்கலாமில்ல?"

மறுநாள் அவன் வெளியே போயிருந்த நேரம் அந்த வில்லைப் பழைய போர்வையில் சுற்றி, நெரிசலான பேருந்தில் ஷ்வேப்யிதா ஆலைக்குக் கொண்டு போனேன். சயாவின் மேசைமேல், அவர் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைத்தேன்.

"ஒங்கண்ணன் சந்தோஷமாத்தானே வாங்கிக்கிட்டான்?" என்றார்.

"எனக்குச் சந்தோஷமில்ல சயா," என்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

காவல் வேலை வேறொருவனுக்குப் போனது. ஈஸ்டர் கழிந்து பல வாரம்வரை அண்ணன் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"அது என் வில்லு. ஒன்ன யாரு தூக்கிட்டுப் போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றேன்.

பிறகு அவனுக்கு ஓடைக்கரை அரிசிக் கிடங்கில் மூட்டை நிறுக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. சயாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.