தலக்கோனா பஸ்ஸில் நான் கொடுத்த ரைட்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது நாலு பிள்ளைகள். என் நாத்தனார் மகனையும் சேர்த்தால் ஐந்து. ஐந்தும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லை.

இது நடந்தது இந்த வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், தலக்கோனா அருவிக்குப் போய்விட்டுத் திருப்பதிக்குத் திரும்பிய பஸ்ஸில். எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திராதான், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். கடைக்கும் ஆபீசுக்கும் தெலுங்கு. பேச்சுத் தெலுங்கு எனக்கு நன்றாக வரும். எழுத்து என்றால் தமிழே கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். தெலுங்கு எழுத்து சுத்தமாகத் தெரியாது.

போன வருஷம் எங்கள் மாநிலத்தில் பெண்களுக்கு பஸ் சும்மா என்று வந்ததே, அதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆதார் கார்டைக் காட்டினால் பூஜ்ஜியம் போட்ட ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எழுபது வயது வரைக்கும் எனக்குத் தெரிந்த ஊர்கள் திருத்தணியும் திருப்பதியும் மட்டும். அதற்கப்புறம் சில மாதத்திலேயே காணிப்பாக்கம் பார்த்தேன், சந்திரகிரிக் கோட்டை ஏறினேன், கைலாசகோனா அருவியில் குளித்தேன், ஹார்ஸ்லி மலைக்குப் போய் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்கினேன்.

வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். "உனக்கு சும்மா, எனக்கு மட்டும் டிக்கெட்டா? நான் வரல. நீ போய்ட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கினே பாத்துக்கறேன்" என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

அதனால் நாத்தனாரை இழுத்துக்கொண்டு போனேன். அவருடைய தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு, மாடு, வயல் தவிர எங்கேயும் போனதில்லை. முதல் தடவை கிளம்பும்போது அவள் மகன் வாசலில் நின்று, "அத்த, எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பத்திரமா இட்டுக்கினு போய், பத்திரமா இட்டுக்கினு வந்துடுங்க" என்றான். அப்படியே செய்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்ததால் எல்லாம் என் பொறுப்பு. நகைக்கடையில் கொடுத்த சிவப்பு பர்ஸ் ஒன்று என் இடுப்பிலேயே இருக்கும். அதில் என் கார்டு, அவள் கார்டு, இரண்டு பேர் காசு, என் பட்டன் ஃபோன். அவளிடம் ஃபோனே கிடையாது. கார்டை அவளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்தேன். அவள் இதுவரை எதையும் தொலைத்து நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். ஹார்ஸ்லி மலையில் எல்லாரும் எட்டிப் பார்க்கிற முனைக்குப் போகலாம் என்று நான் வேகமாக நடந்தேன். ரொம்ப தூரம் போன பிறகு பின்னாலிருந்து, "அண்ணி, ஜனங்க எல்லாம் அந்தாண்ட போறாங்களே?" என்றாள். "எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் காத்து நல்லா வருதேன்னு வந்தேன்" என்று திரும்பினேன். யாரிடமும் வழி கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தலக்கோனாவுக்கு விடியும் முன்னே கிளம்பிப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். படிகளையும் பாறைகளையும் தாண்டி நடந்தால், எங்கேயோ மேலே இருந்து தண்ணீர் புகை மாதிரி இறங்குகிறது. நான் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தேன். நாத்தனார் கட்டியிருந்த மஞ்சள் புடவையோடு நேராகப் போய் அருவிக்கு அடியில் நின்றுவிட்டாள்! மூச்சு முட்டிச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. "அண்ணி, வா அண்ணி, செத்தா போய்டுவே!" என்று என்னையும் இழுத்துவிட்டாள். புடவை காயும் வரை குரங்குகளுக்குப் பயந்து புளிச்சோற்றைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துத் தின்றோம். வழியில் அவள் ஒரு பை கொய்யாப்பழம் வாங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கூட்டம், எல்லாம் பெண்கள். எனக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அவளுக்குக் கடைசியில். கண்டக்டரும் ஒரு சின்ன வயதுப் பெண். இரண்டு கார்டையும் நீட்டி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சொல்லி இரண்டு டிக்கெட்டையும் நானே வாங்கி பர்ஸில் வைத்தேன்.

வழியில் ஒரு சின்ன ஊரில் டீக்காகப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. ஜன்னல் சீட்டு போய்விடுமே. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் இத்தனை மாதத்தில் நான் பார்த்த ஊர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் வாயைப் பிளந்து கேட்டாள். கோட்டைப் படியில் நான் ஏறிய கதையின் நடுவில் கண்டக்டர் பெண் படியில் நின்று, "அந்தரூ எக்கேசாரா?" என்று கேட்டாள். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று.

திரும்பிப் பார்த்தேனா? இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எக்கேசாரு! ரைட், ரைட்!" என்று குரல் கொடுத்தேன்.

"சரிங்க கண்டக்டரம்மா" என்று சிரித்துக்கொண்டே அவள் விசிலை ஊதினாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஒரே பெருமை.

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கி, முன்படி ஓரமாக நின்றேன். எல்லாரும் இறங்கினார்கள். மஞ்சள் புடவை இறங்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று மறுபடி ஏறிப் பின்னால் போனேன். கடைசி சீட்டில் கொய்யாப்பழப் பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

டீ நிறுத்தத்தில் ஒதுங்கப் போனவளை விட்டுவிட்டு, ரைட் கொடுத்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவள் நான்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்டக்டர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழும் தெலுங்குமாக அழுதேன். அவள் சித்தூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாக வந்தது.

"ஏடவத்தம்மா, அழாத. அவங்க ஃபோன் நம்பர் சொல்லு."

"ஃபோன் கெடையாது."

"கார்டு?"

"எங்கிட்ட."

"பைசா?"

"எங்கிட்டதான்."

"எல்லாம் உங்கிட்டன்னா, அவங்ககிட்ட இன்னாதான் குடுத்து வெச்ச?"

"கொய்யாப்பழம்" என்றேன்.

அவள் பின்சீட்டிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினாள். "அதுவும் இங்கதானே இருக்குது!"

சிரிக்கிற நேரம் இல்லை, ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எங்களுக்குப் பின்னால் வரும் பஸ்ஸின் கண்டக்டருக்கு ஃபோன் போட்டாள். காட்டு வழி, கிடைக்கவில்லை. இரண்டு மூன்று தடவை போட்டாள். "அந்த பஸ் வந்தா பாப்போம். மஞ்சப் புடவை அங்கயே நின்னுக்கினு இருந்தா ஏறிடுவாங்க" என்றாள். நின்றுகொண்டிருந்தால்! கார்டு இல்லை, கையில் ஒரு ரூபாய் இல்லை. யார் ஏற்றிக்கொள்வார்கள்? பயந்து எந்தப் பக்கமாவது நடக்க ஆரம்பித்திருந்தால்?

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவள் மகன்.

"அத்த, எங்க இருக்கீங்க?"

"திருப்பதில, நைனா."

"அம்மாகிட்ட குடுங்க."

"பாத்ரூம் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நான் வளர்த்த பிள்ளையிடம் நான் சொன்ன பொய் அது.

சும்மா உட்கார முடியாமல், அந்த ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தேன். வரிசையாகப் பத்துப் பதினைந்து பஸ்கள் நிற்கின்றன. எல்லாவற்றின் நெற்றியிலும் பெயர் இருக்கிறது. எனக்கு எல்லாம் ஒன்றுபோல வட்டம் வட்டமாகத் தெரிந்தது. இத்தனை மாதமாக இதே இடத்தில் எத்தனை பஸ் ஏறினேன்! எப்படி ஏறினேன் என்று அப்போதுதான் யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து, "அண்ணி, அதோ அந்த பஸ்ஸா இருக்குமோ?" என்று நாத்தனார் கேட்பாள். "நானும் அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லி நான் முன்னால் ஏறுவேன். அவள் அஞ்சாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அது தெரியும். ஒரு நாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. பெயரைப் படித்துவிட்டு, எனக்குக் குறைவாகிவிடக் கூடாது என்று கேள்வி மாதிரி கேட்டிருக்கிறாள், பாவி.

ஒரு காலேஜ் பெண்ணை நிறுத்தி, "கண்ணு, இந்த பஸ் எங்க போவுது?" என்று கேட்டேன். ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகு நான் கேட்ட முதல் வழி அதுதான். அந்தப் பக்கம் இனிமேல் பஸ் தாமதமாகத்தான் என்று அந்தப் பெண் விசாரித்துச் சொன்னாள். இருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ. எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன், மலைமேல் இருப்பவரைத் திட்டவும் செய்தேன்.

பின்னால் வந்த பஸ் நுழைந்தது. கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டு ஓடினேன். "அண்ணி!" என்று முன்பக்கம் குரல் கேட்டது. டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் சீட்டில், மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் மகராசி!

கட்டிக்கொண்டு அழுதேன். "எதுக்கு அழுவறே? இந்தா, கடல துன்னு" என்றாள்.

பஸ் போய்விட்டதைப் பார்த்து முதலில் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறாள். டீக்கடைக்கார அம்மா கூப்பிட்டு, "பஸ்ஸத் தொரத்தி இன்னா பண்ணுவ? இங்கயே குந்து, இன்னொண்ணு வரும்" என்று டீ போட்டுக் கொடுத்தாளாம். அடுத்த பஸ் வந்ததும் பெயரைப் படித்து ஏறிவிட்டாள். கண்டக்டர் கார்டு கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "கார்டு முன்னாடி போயிருக்கு சார், ஆளு பின்னாடி வரேன்" என்றாளாம். பஸ் முழுக்கச் சிரிப்பு. கார்டு இல்லாமல் சும்மா ஏற்ற முடியாது என்று அவர் தயங்கியபோது, தக்காளிக் கூடையோடு வந்த ஒரு அம்மா, "நேனு தீஸ்குண்டா" என்று இவளுக்கு டிக்கெட் வாங்கி, தன் சீட்டையும் கொடுத்து, கடலையும் கொடுத்து, திருப்பதிக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். பேர் கேட்டதற்கு, சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது அந்தப் பக்கம் இருந்து இதைப் படித்து அந்த அம்மாவிடம் சொன்னால் நன்றாக இருக்கும்.

புத்தூர் பஸ்ஸில் பர்ஸைத் திறந்து அவள் கார்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். காசில் பாதியையும் கொடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "எம் புள்ளகிட்ட சொல்லாத அண்ணி. சொன்னா மாசில பறவ பாக்க வுட மாட்டான்" என்றாள். சூலூர்ப்பேட்டைப் பக்கம் ஏரியில் ரோஜா நிறத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவை இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

எனக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பைக்கோடு வந்து எங்களுக்காக நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாம் சொன்னேன், பாத்ரூம் பொய்யையும் சேர்த்து. அவன் அம்மா பக்கம் திரும்பி, "பயந்துட்டியாம்மா?" என்றான்.

"மொதல்ல பயந்தேன்டா. அப்பறம் டீ குடிச்சேன். நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகு, "எனக்கு ஒரு ஃபோன் வாங்கிக் குடு. மாசில பறவ பாக்கப் போவணும்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வாய்விட்டு எதையும் கேட்டு நான் கேட்டதில்லை.

அவன் என் பக்கம் திரும்பி, "அத்த, அடுத்த தபா எங்கம்மாகூட பத்திரமா போய்ட்டு வாங்க" என்றான். வீட்டுக்காரர் இதைக் கேட்டு மூன்று நாள் சிரித்தார்.

மாசியில் போனோம். எந்த பஸ் என்று அவள் நேராகவே சொன்னாள். கண்டக்டரிடம் தன் கார்டைத் தானே நீட்டினாள். ஏரிக்கரையில் வெயிலில் அந்தப் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பியபோது, தெரியாத யாரிடமோ அதைப் பற்றிக் கைநீட்டிப் பேசிக்கொண்டு நின்றாள். நான் சோற்று மூட்டையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணும் தெரியாதவள் என்று ஒருத்தியை இத்தனை காலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தோமே, அவள் எங்களையெல்லாம் எவ்வளவு பொறுத்துப்போயிருக்கிறாள் என்பதுதான் அந்தத் தை மாதத்திலிருந்து என்னோடு கூடவே வருகிறது.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? உங்க சின்ன ஆயாவ பக்கத்து வூட்ல இருந்து கூப்புட்டுக்கினு வந்து, மொதல்ல இருந்து சத்தமா படிச்சுக் காட்டு. நான் எங்கயாச்சும் மாத்திச் சொல்லியிருந்தா, இந்தத் தபா அவ நேராவே சொல்லட்டும்.