கப்பல் ஆட்டம்

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கினால் ரெண்டு நாளைக்குத் தரை ஆடும். போர்ட் பிளேரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று நாள் கடலில் ஆடிப் பழகிய உடம்பு, துறைமுக ஜெட்டியில் கால் வைத்த பிறகும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். குளிக்கும்போது சுவர் சாயும், படுத்தால் கட்டில் மிதக்கும். நாங்கள் இதைக் கப்பல் ஆட்டம் என்போம். நான் முப்பது வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன். முதல் தடவையாகக் கப்பல் ஏறுகிறவர் யார் வந்து நின்றாலும் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு வைத்தியமும் கொடுத்து அனுப்புவேன். "இறங்கினதும் தலை சுத்தும், பயப்படாதீங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சிட்டுப் படுத்துத் தூங்குங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்." கேட்காதவர்களுக்கும் சொல்வேன். கேட்காமல் புத்தி சொல்வது எனக்கு ஒரு வியாதி என்பாள் என் மனைவி. அப்போது அவளால் அப்படியெல்லாம் பேச முடிந்தது.

கொரோனா அடங்கி, கப்பல்கள் பழையபடி ஆள் ஏற்றத் தொடங்கிய வருஷம் அது. சென்னையில் இருக்கும் மகளை அதுவரை போன் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். போய் இருபது நாள் தங்கினோம். திரும்பும்போது விமானத்தில் போகலாம் என்றாள் மனைவி. முட்டி வலிக்கிறது, கப்பல் ஏணிப்படி ஏற முடியாது, மூன்று நாள் அந்த பங்க் படுக்கையில் கிடக்கவும் முடியாது என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் கப்பல் ஆபீசில் காலத்தைத் தள்ளிய எனக்கு விமானம் என்றாலே ஏதோ எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவது மாதிரி. மகள் வீட்டு ஹாலில், மாப்பிள்ளை இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கப்பலில் மூன்று நாளும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். கோபம் என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், அதனால் நான் சமாதானம் பேசவும் இல்லை.

ஹாடோ ஜெட்டியில் இறங்கும்போது மாலை நான்கு மணி இருக்கும். நடக்கையில் அவள் வலது பக்கமாகச் சாய்ந்தாள். ஆட்டோவில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலில் பையிலிருந்து சாவியை எடுத்தாள், கீழே விழுந்தது. நான் எடுத்துத் திறந்தேன். உள்ளே போய்த் தண்ணீர் எடுத்தாள், டம்ளரும் நழுவியது. "கப்பல் இன்னும் உன் கையை விடல போல" என்று சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு என் காதில் விழுகிறது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள். வார்த்தைகள் இழுத்து இழுத்து வந்தன. "கப்பல் ஆட்டம்தான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், உனக்குத் தெரியாதா?" என்றேன். எதிரே கடை வைத்திருக்கும் பாயிடம் போய் ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, பிழிந்து, உப்புப் போட்டுக் கொடுத்தேன். மாஸ்க்கை அடியில் லேசாக விலக்கிக் குடித்தாள், பாதி தாடையில் வழிந்தது. கப்பலில் லேசாக இருமிக்கொண்டு வந்தாள், அதனால் எனக்கு வேறொரு பயமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள், கொரோனா இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாசலில் அக்கம்பக்கம் கூடிவிடும். மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், உள்ளறையில் தனியாகப் படு, தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். அவள் எழுந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள்.

காலையில் எழுப்பப் போனபோது மாஸ்க் ஒரு காதில் மட்டும் தொங்கியது. முந்தின நாள் முழுக்க அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த வாயை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. வலது கையைத் தூக்கினேன், விட்டதும் மெத்தையில் விழுந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் இந்தியில் கேட்டார், எப்போது ஆரம்பித்தது என்று. "காலையில எழுப்பினேன், இப்படி இருந்தா" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எனக்கு அது போதுமாக இருந்தது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கிறது, ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், தூக்கத்தில் வந்திருக்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு நேராக நிற்க முடியாமல், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே கதைதான். தூங்கி எழுந்தாள், இப்படி ஆகிவிட்டது. மகளுக்கும் அதுதான், பாய்க்கும் அதுதான். பார்க்க வந்தவர்கள், கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று பழமொழி சொல்லிவிட்டுப் போனார்கள். கவிழ்த்தவன் எங்கே கை வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். வாய்க்குப் பஞ்சமில்லாதவள். மீன்காரருடன் பெங்காலி கலந்த இந்தியில் பேரம் பேசி, கடைசியில் அவரையே சிரிக்க வைத்துப் பாதி விலைக்கு வாங்குவாள். இப்போது அவளிடம் மிஞ்சியது நான்கைந்து சொற்கள். தண்ணி, வேணாம், போ, ஐயோ. அதோடு வாய்ப்பாடு. ஏனோ அது மட்டும் அழியவில்லை. ஈரெண்டு என்று நான் தொடங்கினால் நாலு என்று தொடங்கி மளமளவென்று சொல்லிக்கொண்டே போவாள். பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறாமல் வரும், டீ வேண்டும் என்பது வராது. சொல்ல வந்தது வராதபோது நெற்றியில் இடது கையால் தட்டிக்கொள்வாள். முதல் ஆறு மாதம் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

குழாய்த் தண்ணீர் வரும் நாளில் டிரம், பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நான் நிரப்புவேன். அவள் வராந்தா நாற்காலியில் இருந்தபடி, நான் மறந்த பக்கெட்டை இடது கையால் காட்டுவாள். மீன் நான் வாங்கி வருவேன். தட்டில் வைத்து அவள் மூக்கருகே கொண்டுபோனால் முகத்தின் ஒரு பாதி சுளிக்கும். பழைய மீன் என்று அர்த்தம். அவளுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டேன். புடவை கட்டிவிட எனக்கு வரவில்லை, அதனால் நைட்டிக்கு மாறினாள். முப்பது வருஷம் மடிப்புக் கலையாத காட்டன் புடவையில் பள்ளிக்கூடம் போனவள், யாராவது வந்தால் துண்டை எடுத்து மேலே போடச் சொல்லிக் கையைக் காட்டுவாள்.

பேச்சுப் பயிற்சிக்கு மகள் சென்னையிலேயே ஓர் ஆளைப் பிடித்து வீடியோவில் ஏற்பாடு செய்தாள். எங்கள் நெட்வொர்க்கின் லட்சணத்தில், அந்தப் பெண் 'ஆ' என்று வாயைத் திறந்தால் திறந்த வாக்கிலேயே படம் நின்றுவிடும். இவளும் அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள். மற்ற நாட்களில் நான்தான் வாத்தியார். எனக்குப் பொறுமை கிடையாது. அவள் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் நாலு சொல்லை எடுத்து முன்னால் வைப்பேன். பசியா, வெயிலா, வலியா, பாத்ரூமா? எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு, கடைசியில் "போ" என்பாள். ஒருநாள் ரப்பர் பந்தை வலது கையால் பிடிக்கச் சொல்லி, அது பத்துத் தடவை விழ, பந்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் இடியாப்பம் வாங்கிக் கொடுத்தேன். என்னுடைய மன்னிப்பு எப்போதும் தின்பண்டமாகத்தான் வரும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். வந்துவிடுமோ என்றும் பயந்தேன். பேச்சு வந்தால் முதலில் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். மகளிடம் சொல்வாள். உங்கப்பாதான் என்னைப் படுக்க வைத்தார் என்பாள். ஒவ்வொரு புதுச் சொல் வரும்போதும் சந்தோஷப்பட்டேன், அது எந்தச் சொல் என்று உடனே பார்த்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி. அந்த அறைச் சுவரில் பக்கவாதத்தின் அறிகுறிகளைக் காட்டும் ஒரு படம் ஒட்டியிருக்கும். கோணிய வாய், தொங்கும் கை, பக்கத்தில் ஒரு கடிகாரம். அவள் காத்திருக்கும் நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவேன். அவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் போயிற்று. கோலை ஊன்றி வராந்தா வரை தானாக நடக்கிறாள். ரெண்டு சொல், மூன்று சொல் சேர்த்துச் சொல்கிறாள், நேரம் கொடுத்தால்.

போன மாதம் எதிர்க்கடை பாய் கீழக்கரைக்குப் போய்த் தங்கை மகள் கல்யாணத்தை முடித்துவிட்டுக் கப்பலில் திரும்பினார். மறுநாள் மத்தியானம் கடையைத் திறப்பதற்கு முன்னால் ஓலைப்பெட்டியில் கொஞ்சம் தொதல் அல்வா எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வராந்தாப் படியேறும்போதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் தலை சுத்தி சக்கர் வருது அண்ணே. கப்பல் ஆட்டம் விடல. நீங்கதான் சொல்வீங்களே, எலுமிச்சம்பழம் குடிச்சிட்டுப் படுன்னு. குடிச்சாச்சு. இனி போய்ப் படுக்கணும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் கோலை ஊன்றி எழுந்து பாய் முன்னால் போய் நின்றாள்.

"கை" என்றாள். "ரெண்டும்... தூக்கு."

பாய் என்னைப் பார்த்தார். டீச்சர் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது, அவருடைய மூன்று பிள்ளைகளும் அவளிடம் படித்தவர்கள். தொதலைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் தூக்கினார். அவள் மாறி மாறி ரெண்டையும் பார்த்தாள். வலது கை இறங்குகிறதா என்று காத்திருந்தாள். இறங்கவில்லை.

"சிரி."

பாய் சங்கடத்தோடு சிரித்தார். வாய் ரெண்டு பக்கமும் சமமாகப் போயிற்று.

"பேர்... சொல்லு."

அவர் தன் பேரையும் வாப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் குறைந்தது. "ஆட்டம்தான்" என்றாள். "போய்ப் படு." பாய் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். ஆனால் படுக்கப் போகவில்லை, கடைப் பலகைகளை எடுக்க ஆரம்பித்தார்.

அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது இவளுக்கு. ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த அந்தப் படத்தை அவள் வாரா வாரம் படித்திருக்கிறாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அன்னிக்கு நான்தான் உன்னைப் படுக்கச் சொன்னேன்" என்றேன். "டாக்டர் கேட்டப்ப அதைச் சொல்லல. பிள்ளைகிட்டயும் சொல்லல."

"தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மூன்று வருஷமாக நான் பயந்த சொல் இவ்வளவு சின்னதாக வந்து போனதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரை நான் யோசிக்காத ஒன்று தோன்றியது. கல்யாணமான வருஷத்திலிருந்து என்னோடு எத்தனை தடவை கப்பலில் வந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவளுக்குக் கப்பல் ஆட்டம் வந்ததில்லை. எல்லோரும் தள்ளாடும்போது இவள் மட்டும் இறங்கின கையோடு அடுப்பை மூட்டிவிடுவாள். எனக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும், அது கப்பல் ஆட்டம் இல்லை என்று.

"உனக்குத்தான் எப்பவும் ஆட்டமே வராதே. அது வேற ஏதோன்னு தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?"

அவள் சொல்லைத் தேடத் தொடங்கினாள். உதடு அசைந்தது. நான் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தேன். பயமா? தூக்கமா? கொரோனான்னு நினைச்சியா? அவள் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். நிறுத்தினேன். ஒரு ஆட்டோ போயிற்று. அவள் நெற்றியில் தட்டிக்கொள்ளவில்லை, நிதானமாகத் தேடினாள்.

"சொன்னா..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மீதி வந்தது. "கத்துவீங்க."

எதிரே பலகையைக் கையில் பிடித்தபடி பாய் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கேட்கிற சத்தத்தில்தான் ஏன் சொல்லல என்று நான் கேட்டிருந்தேன்.