என்ன வண்டி?
சிதம்பரத்துக்கு வடக்கே அந்த ரயில்வே கேட்டில் மணி அடித்தால் போதும், நிற்பவர்கள் கேட்கீப்பர் காத்தவராயனிடம் "என்ன வண்டி?" என்பார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். கூட்ஸ் என்றால் வசவுதான். அகலப்பாதை போடுவதற்காக ரயிலே ஓடாத வருடங்களில் இஷ்டத்துக்குத் தண்டவாளம் தாண்டிப் பழகிய ஊர். காத்தவராயனுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வம்பே வேண்டாமென்று எல்லா வண்டியையும் எக்ஸ்பிரஸ் என்றே சொல்லிவந்தார்.

ஒருநாள் சர்புன்னிசா ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பினாள். கேட் மூடியிருந்தது.

"அரிசி வரலயாம். இதுல ஒன்னோட எக்ஸ்பிரஸ் வேற."

வந்ததோ கூட்ஸ். அவள் முறைத்தாள்.

"ஒங்க அரிசிதாங்க்கா அதுல போவுது" என்றார்.

கடைசிப் பெட்டி மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதன்பின் அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டு, அரிசி, உரம், நிலக்கரி என்று உள்ளதைச் சொன்னார். வசவு குறைந்தது.

பிறகொரு நாள் "என்ன வண்டி?" என்று பைக்கில் வந்த ஒருவன் கேட்டபோது மட்டும் தயங்கினார்.

"காலி வண்டி."

"காலி வண்டிக்கா எங்கள நிக்க வச்ச?" என்று அவன் எகிறினான்.

ரேஷன் கடைக்குக் கிளம்பியிருந்த சர்புன்னிசா, வெறும் பையை உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வுடு தம்பி. போயி ரொப்பிக்கினு வரட்டும்."