இடது பின் கதவு

சலீம் பாய் இறந்த செய்தி எனக்கு நம் ஸ்டாண்டின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. முதல் ஷிப்ட் பெண்களைப் பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழனிச்சாமி அண்ணன் குரல் பதிவு போட்டிருந்தார். "நம்ம டிங்கரிங் சலீம் பாய் தவறிட்டாருங்க. வெடியால நேரத்துல நெஞ்சு வலின்னு ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, வழியிலயே முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பறம் அடக்கமுங்களாம்." டீ கையிலேயே ஆறிப்போனது.

அடுத்தடுத்துக் கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வந்து விழுந்தன. பிறகு ஒருவர் எழுதினார்: "தங்கமான மனுசன். வேலைதான் கொஞ்சம் முன்னப்பின்ன." அதற்குக் கீழே இன்னொருவர்: "ஆமாங்க, ரேவதியக்கா வண்டிக் கதவு ஞாபகம் இருக்குதுங்களா?"

அந்த ரேவதியக்கா நான்தான். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கதவைப் பற்றி உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கும் பாய்க்கும் மட்டும் தெரியும். இனி எனக்கு மட்டும்தான் தெரியும். இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு வரியில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லூரில் அவருடைய பட்டறைக்கு நான் முதன்முதலில் போனது, இடது பின் கதவில் யாரோ பைக்கால் இழுத்துவிட்ட ஒரு கோட்டை அழிக்கத்தான். அரை நாள் வேலை என்று நினைத்தேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. கதவின் வெளிப்பக்கம் அடியில் ஒட்டியிருக்குமே கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, நாம் பீடிங் என்போமே, அதன் மேல் வெந்நீரை ஊற்றினார். பசை இளகியதும், பக்கத்துத் தையல் யூனிட்டில் வாங்கி வைத்திருந்த நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுத்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "ஏனுங்க பாய், கோடு மேல இருக்குது, நீங்க கீழ நோண்டறீங்க?" என்று கத்தினேன். அவர் நிமிரக்கூட இல்லை. "கண்ணுக்குத் தெரியற கோட்ட ஆரு வேணா அழிப்பாங்க அம்மிணி. இதுக்கடியில என்ன கெடக்குதுன்னு பாக்காம நான் பெயிண்ட் டப்பாவத் தொறக்க மாட்டேன்."

அடியில் அப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் கிளிப் மாட்டும் ஐந்து ஓட்டைகளுக்கும் வெள்ளை சீலண்ட் வைத்து, தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்த பிறகுதான் பட்டையைத் திரும்ப மாட்டினார். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் போனை எடுக்கவில்லை. "வண்டி தரேன்னா தந்துருவேன். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க" என்பது அவருடைய பழமொழி. உங்களில் பாதிப் பேர் அதற்காக அவரைத் திட்டியிருக்கிறீர்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்துக் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடி ஓடி அந்தப் பட்டையின் இரண்டு கிளிப்புகள் உடைந்தன. கடகடவென்று சத்தம். பாயிடம் போனால் இரண்டு நாள் போய்விடும் என்று நானே வைத்தியம் பார்த்தேன். நம் ஊரில் எந்த நோய்க்கும் மருந்து பனியன் வேஸ்ட் துணிதானே! குழாய் ஒழுகினால் அது, மேசை ஆடினால் அது. கண்ணாடி துடைக்க வண்டியில் வைத்திருந்த கிளிப்பச்சைத் துண்டுகளை ஸ்க்ரூடிரைவரால் பட்டைக்குப் பின்னால், கிளிப் உடைந்த இரண்டு ஓட்டைக்குள்ளும் குத்தித் திணித்தேன். அவர் வைத்த சீலண்ட் கிழிந்து உள்ளே போனது. சத்தம் நின்றது. எனக்கு ஒரே பெருமை. தினமும் உப்புத் தண்ணியில் வண்டியைக் கழுவினேன். துணி அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து இறங்கும்போது அடிவிளிம்பிலிருந்து துரு கரைந்த செந்தண்ணி கொட்டி அவளுடைய வெள்ளைச் சுடிதார் பாழானது. கம்பெனிக்குப் புகார் போனது. டிரான்ஸ்போர்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தையில் முடித்தார். வண்டிக்காரரின் அலட்சியம் என்றால் ஒப்பந்தம் ரத்து. பட்டறையின் குறை என்றால் சரிசெய்துவிட்டுத் திங்கட்கிழமை வரலாம். அந்த ஒப்பந்தம்தான் என் சோறு, என் பிள்ளைகளின் படிப்பு. "பட்டறைக் குறைதானுங்க சார்" என்றேன், யோசிக்காமல். துணி திணித்தது அப்போது சத்தியமாக நினைவில் இல்லை. "அப்ப நானே வந்து பாக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் பட்டறையில் நின்றார். ஸ்டாண்டிலிருந்து நீங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தீர்கள். நான் பாயைப் பிடித்துக் கத்தினேன். "வேல தெரியலீன்னா எதுக்குங்க கடை போட்டு உக்காந்திருக்கீங்க? என்ர பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!" தொண்டைத் தண்ணி வற்றும்வரை கத்தினேன். அவர் வெந்நீரை ஊற்றி, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு கதவருகே குத்தவைத்து உட்கார்ந்தார்.

நூல் உள்ளே போய் இரண்டு இழுப்பு வந்ததும் மாட்டிக்கொண்டது. தகரத்தில் மாட்டினால் கிரீச்சென்று கேட்கும். இது மெத்தென்று மாட்டியது. அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. கிளிப்பச்சை, அந்தக் கம்பெனி அப்போது தைத்த ஆர்டரின் நிறம். அதே கம்பெனிப் பெண்கள்தான் அந்தத் துண்டுகளை எனக்குக் கொடுத்தார்கள். மேனேஜர் அந்தத் துணியின் ஓர் இழையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். அவர் பாயின் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்றார். நான் கதவை ஒட்டி, பாயின் கைக்குப் பக்கத்திலேயே.

பட்டை கழன்றது. இரண்டு ஓட்டைகளைச் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் அரித்து, விரல் வைத்தால் உதிரும் நிலையில் இருந்தது. ஒன்றிலிருந்து ஊறிப்போன துணி பச்சையும் காவியுமாக எட்டிப் பார்த்தது. பாய் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ! ஒரு கையால் மேனேஜருக்குத் துருவைச் சுட்டிக் காட்டிக்கொண்டே, மறு கையால் இரண்டு துணியையும் உருவித் தன் மடிக்குள் செருகினார்.

"என்ர தப்புதானுங்க சார். பெயிண்ட் அடிக்கறப்ப ஓட்டைக்கு சீலண்ட் வெக்காம உட்டுட்டேன். அந்தம்மா மேல குத்தமில்லீங்க. திங்கக்கெழம வண்டி கம்பெனி வாசல்ல நிக்கும்."

மேனேஜர் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். வயதைக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பட்டறைக்கு இனி எந்தக் கம்பெனி வண்டியும் போகக்கூடாது என்று அங்கேயே நின்று போனில் எல்லா வண்டிக்காரர்களுக்கும் சொன்னார். எப்போதும் ஓயாத என் வாயில் அன்றைக்கு மட்டும் கொழுக்கட்டை. நான் திணிக்காத மூன்று ஓட்டைகளிலும் பாய் வைத்த வெள்ளை சீலண்ட் அப்படியே இருந்தது, சுற்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதை மேனேஜரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஞாயிறு முழுக்க அவர் அரித்த தகரத்தை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, உள்ளும் புறமும் துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தார். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் பனியன் பஞ்சு அடைத்துக் கிடந்ததைக் கம்பியால் குத்தி எடுத்து, பட்டையைத் திரும்ப மாட்டினார். திங்கட்கிழமை என் வண்டி ஓடியது. அந்த மாதமே உங்கள் வண்டிகள் வேறு பட்டறைக்குப் போயின.

ஒரு மாதம் கழித்துப் போய் அவர் முன்னால் நின்றேன். பைக் மட்கார்டு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். கார் எதுவும் இல்லை. "ஏனுங்க பாய் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "நீங்க கத்துன கத்துல காது அடச்சுப் போச்சுங்க, வேற ஒண்ணும் தோணல" என்று சிரித்தார். நான் அழுததும் சுத்தியலைக் கீழே வைத்தார். "எனக்கு மட்கார்டு வேல இருக்குது. உங்களுக்கு அந்த வண்டி ஒண்ணுதான இருக்குது? ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி. இனி எதையும் உள்ள வெச்சு அடைக்காதீங்க. அடச்சது நனையும். நனஞ்சா திங்கும்."

ஸ்டாண்டில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "உங்க இஷ்டமுங்க" என்றார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வருடம் ஓட்டினேன். எதிரில் பார்க்கும்போதெல்லாம் அவர் "வண்டி ஓடுதுங்களா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நல்லூர் வழியாகப் போவதையே விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு அனுப்புவதற்கு முன், இதுவரை எழுதியதை மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். அவர் படித்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை எனக்கு டிரிப் இருக்குமா என்று தெரியாது. தெரியாமலே இதை எழுதுகிறேன்.

இன்று காலை ஒரு கெட்டில் வெந்நீரும் கொஞ்சம் நூலும் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டையை நானே கழற்றினேன். பாய் பத்து நிமிடத்தில் செய்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு விரலிலும் நூல் அறுத்துவிட்டது. வண்டி ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. எல்லோரும் வந்து பாருங்கள். தொட்டுப் பாருங்கள். மூன்று மழைக்காலம் தாண்டியும் அவர் ஒட்டவைத்த தகரத்தில் குண்டூசி முனையளவு துருகூட இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இடது பின் கதவுதான். பீடிங்கை நான் திரும்ப மாட்டப்போவதில்லை.