மர்ம நாவல்களின் காலத்தில் என் பேச்சு

திருமுல்லைவாயில் வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் கனகாக்காவிடம், "உங்களோட ஒருக்கா கதைக்க வேணும்" என்றேன். அவர் நான் வேலை பார்த்த லெண்டிங் லைப்ரரியைக் காட்டி, "கதை வோணும்னா அங்கதான கீது" என்றார். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தில் பேசுவதைத்தான் கதைப்பது என்போம் என்று விளக்கியதும் கனகாக்காவும் சிரித்தார். அப்படித்தான் பழகினோம்.

எண்பதுகளின் கடைசி அது. குடும்ப நாவல்களுக்குத்தான் கிராக்கி. கனகாக்கா கிழமைக்கு நான்கு எடுப்பார். பிறகு மாதாமாதம் வந்த மர்ம நாவல்கள் அடுக்குகளைப் பிடித்துக்கொண்டன. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அட்டையில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தார்கள். கனகாக்காவும் மாறினார். தொண்ணூறுகள் பிறந்ததும் மர்மக் கதைகளும் மாறின. இப்போது துப்பறிவாளன் தேடியது, வாடகை வீட்டில் அமைதியாக இருந்துகொண்டு குண்டு செய்கிற பெண்ணை. அவள் என்னைப் போலப் பேசினாள். வெளியிலும் எங்கள் பேச்சைக் கேட்டால் வீடு கொடுக்கத் தயங்கினார்கள்.

ஒருநாள் அப்படியொரு நாவலைத் திருப்பித் தந்த கனகாக்கா, "இதுல வர்ற பொண்ணும் உன்னாட்டமே பேசுது" என்றார்.

"அது கற்பனைதானே அக்கா."

"தெரியும். ஆனா எங்கூட்டுக்காரரு உன்னாண்ட பேச வேணாம்னு சொல்லிக்கீறாரு."

அடுத்த கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்தார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகங்களைப் பதிவேட்டில் தேடினார்கள். எனக்குக் கடிதம் எழுதும் தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பெயரை நான் கனகாக்காவிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். என் அகதிப் பதிவுக் கடிதம் சரியாக இருந்ததால் போய்விட்டார்கள். கடைக்காரர் மாணிக்கம் அண்ணன், "எங்க ஆளுங்க மாதிரி பேசக் கத்துக்கோம்மா. இல்லாங்காட்டி வாயத் தொறக்காத" என்றார். அவர் நல்லவர்; பயந்திருந்தார். நான் கற்றுக்கொண்டேன். வீட்டில் தனியாக இருக்கும்போதும் அப்படியே பேசிப் பழகினேன்.

சில வருடங்களில் மர்ம நாவல்களும் சரிந்தன. ராசிபலனும் கம்ப்யூட்டர் புத்தகங்களும் வந்தன. ராசிபலன் கேட்டு வந்த கனகாக்கா, எதுவுமே நடக்காததுபோல, "நல்லாகீறியா?" என்றார். "கீறேன்க்கா" என்றேன். வேறு விதமாகச் சொல்ல நாக்கு வரவில்லை.

ஊரில் டெலிபோன் இல்லை; அந்த மாதம்தான் அம்மா கொழும்புக்கு வந்திருந்தார். ஆறு வருடங்களுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்க, அம்பத்தூரில் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போனேன். "அம்மா, நான்தாம்மா. நல்லாகீறேன்."

அம்மா பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்வது கேட்டது.

"ஆரோ மெட்ராஸ் பொம்பிளை. நம்பர் மாறி எடுத்திட்டா போல."

ரிசீவரைப் பிடித்தபடி நான் எங்கள் வீட்டுச் சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.