எட்டாவது வளைவில் ஒரு பிரசவ வலி

போன ஐப்பசியில், கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

நான் ராசிபுரத்தில் வெப்சைட் வடிவமைக்கிறவள். மலையில் அவசரத்துக்கு வண்டி அனுப்பும் தன்னார்வக் குழு ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். முதலில் வழக்கம்போல் ‘எங்களைப் பற்றி’, ‘சேவைகள்’, ‘தொடர்புக்கு’ என்றுதான் தலைப்புகள் வைத்தேன். குழுவிலிருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வலியில துடிக்கறப்ப சேவைகள்னு யாருங்க தேடுவாங்க?” என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்தோம். முதல் பக்கத்தில் ‘என்ன ஆச்சு?’ என்ற கேள்வி மட்டும். கீழே பிரசவ வலி, பாம்புக்கடி, அடிபட்டது என்று நாலைந்து பட்டன்கள். எதைத் தொட்டாலும் ‘எங்கே இருக்கீங்க?’ என்று கேட்கும். அதில் ஊர்ப் பெயர்களோடு ரோட்டு வளைவுகளின் எண்களையும் சேர்த்தேன்.

அன்று காரவள்ளிக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டின் குறுக்கே பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒரு பெண்ணின் அலறல். நிறைமாசம். அவள் கணவர் யாருக்கெல்லாமோ போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை.

ஜீப் டிரைவர் கண்ணாடியில் அந்தத் தன்னார்வக் குழு ஒட்டியிருந்த சதுர QR குறியைக் காட்டி, “இத போன்ல புடிங்க!” என்றார்.

நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் வந்திருந்தேன். நான் செய்த வெப்சைட் திறந்தது. கணவரின் விரல் தயங்கவே இல்லை. பிரசவ வலி. அடுத்து, ரோட்டோரத்து வளைவு எண் பலகையை நிமிர்ந்து பார்த்து, எட்டாவது வளைவு. அடிவாரத்தில் இருந்த வேன்காரர் ஒருவரின் நம்பர் வந்தது. உடனே கூப்பிட்டு, மரம் விழுந்து கிடப்பதைச் சொன்னார்.

“இதா வாரேனுங்க! மரத்துக்கு இந்தப் பக்கம் நிக்கறேன், தூக்கிட்டு வந்துருங்க” என்ற குரல் எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர், மிளகு மூட்டையோடு வந்த விவசாயிகள், எல்லாரும் இறங்கினார்கள். கம்பளியில் அவளைக் கிடத்தி, கிளைகளை விலக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். மழைத் தூறலில் நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். “இன்னும் கொஞ்சந்தான் கண்ணு” என்று ஜீப்பில் கூட வந்திருந்த அவள் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். வேன் அங்கே காத்திருந்தது.

சாயங்காலம் நர்ஸ் போன் செய்தார். “பொண்ணு பொறந்திருக்குங்க! தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க.”

அந்தக் குடும்பத்துக்கு நான் யாரென்று தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை. வழி சொல்ல ஆளே இல்லாத இடத்தில் நாலு சொற்கள் நின்று ஒருவருக்கு வழிகாட்டியதைக் கண்ணால் பார்த்தேன். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பது இத்தனை பெரிய காரியமா என்று எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை.