டீ மாஸ்டருக்கு வந்த நோம்புத் தலைவலி

டீ மாஸ்டர் வேலையில் கை ஆற்றும், நாக்குதான் சோறு போடும். பால் திக்காக இருக்கிறதா, தூள் இறங்கிவிட்டதா, இஞ்சி தூக்கலா என்று பாய்லர் பக்கத்திலேயே நின்று மடக்கு மடக்காகக் குடித்துப் பார்த்தே என் வயசில் பாதி போய்விட்டது. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கு ரம்ஜான் மாசம் வந்தால் என்ன ஆகும்? பசி இரண்டு நாளில் பழகிவிடும். தாகத்தையும் எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானம் நெருங்க நெருங்க நெற்றிப்பொட்டில் எவனோ உட்கார்ந்துகொண்டு சுத்தியலால் தட்டுவான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. நாலு மணி டீ அரை மணி நேரம் தள்ளிப்போனாலே பக்கத்தில் இருப்பவர் மேல் எரிந்து விழுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் வாருங்கள், நீங்களும் நானும் சொந்தக்காரர்கள்.

அண்ணாச்சியின் கருணை

தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டில் எங்கள் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி, நல்ல மனுஷன். நோம்பு மாசத்தில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வருஷா வருஷம் பார்த்தவர். இந்தத் தடவை பிறை தெரிவதற்கு முன்னாலேயே கூப்பிட்டார். "நீரு ஒரு மாசம் வீட்ல இரும் பாய். எம் மச்சான் கடையில வேல பாத்த பய ஒருத்தன் சும்மாத்தான் இருக்கான். அவன் நிப்பான்" என்றார்.

கருணைதான். எனக்குத்தான் கணக்கு வேறு மாதிரி ஓடியது. ஒரு மாசம் வேறு கைக்குப் பழகிவிட்ட வாடிக்கைக்காரர், அப்புறம் நம் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். அடுப்பை விட்டுப்போன மாஸ்டருக்கு அது திரும்பக் கிடைத்ததை நான் பார்த்ததே இல்லை. நோம்பையும் விடமாட்டேன், அடுப்பையும் விடமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கல்லாவை மூடினார். பிறகு சொன்னார்: "சரி, நில்லும். ஆனா டீ சரியில்லன்னு ஒரு பய சொல்லிட்டாம்னா, பெருநா வரைக்கும் உமக்கு வீடு, அவனுக்கு அடுப்பு. பொறவு என்னையக் கொற சொல்லப்படாது."

சட்டம் இடம் கொடுக்கிறது

ருசி பார்க்காமல் டீ போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு முடி வெட்டுகிற மாதிரி. யாரோ சொன்னார்கள், சமையல்காரர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், நோம்பு முறியாது என்று. உறுதிப்படுத்திக்கொள்ள எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். அவரும் தினமும் நம் கடையில் சுக்கு டீ குடிப்பவர்தான்.

நான் கேட்டதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தேவை இருந்தால் செய்யலாம், ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ நாளையிலிருந்து பாக்கலாம்ங்களா ஹஜ்ரத்?" என்று எழுந்தேன். அவர் என் கண்ணில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை, சிரித்துவிட்டார். "சட்டம் இடம் கொடுக்குது பாய். உங்க தொண்டை இடம் கொடுக்குமா, அதச் சொல்லுங்க."

சொம்பு டீ

டீ இல்லாமல்தான் தலை வலிக்கிறது என்பது புரிந்துவிட்டதால் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். பகலில் குடிக்க வேண்டியதை எல்லாம் விடியலுக்கு முன்னால் சாப்பிடுகிற சகர் நேரத்திலேயே குடித்துவிட்டால் என்ன? சாதத்தை ஓரம் தள்ளிவிட்டு, நல்ல ஸ்ட்ராங்காக ஒரு சொம்பு டீ போட்டுக் குடித்தேன். என் மனைவி ஜரீனா தயிரைக் கலந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலன் என்ன தெரியுமா? காலை முழுக்கக் கடைக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடையாய் நடந்தேன். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போனதால் நாக்கு அட்டையாகக் காய்ந்தது. சொன்னால் சொன்ன நேரத்துக்கு மத்தியானம் தலைவலியும் வந்து சேர்ந்தது. மறுநாளிலிருந்து ஜரீனா டீயைப் பாதி தம்ளராகக் குறைத்துவிட்டுத் தண்ணீரையும் தயிர்ச்சோற்றையும் அதிகமாக்கினாள். உண்மையைச் சொன்னால் அதில்தான் வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் சொம்பைப் பரண் மேல் தூக்கி வைக்கும்போது அவள் சொன்னதை மறக்க முடியவில்லை: "நீங்க இன்னா ஒட்டகமா? மொதல்ல முதுகுல திமில் கீதான்னு தடவிப் பாத்துக்கினு அப்பால சொம்பத் தூக்குங்க."

மூலிகை டீ

தைலம் தேய்த்தால் நோம்பு முறியாது. அந்தத் தைரியத்தில் ஒரு நாள் நெற்றி, பொட்டு, பிடரி என்று ஒரு இடம் பாக்கி இல்லாமல் அப்பிக்கொண்டு, மேலே ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றேன். கையைக் கழுவ மறந்துவிட்டேன். அதே கையால் கிளாஸ் எடுத்தேன், அதே கையால் இஞ்சியைத் தட்டிப் போட்டேன். காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த மீன்கார அக்கா இஞ்சி டீ வாங்கி ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சினார். என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் என் விரலை நானே முகர்ந்து பார்த்தேன். போச்சு, இன்றோடு அடுப்பு போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் அக்கா நேராகக் கல்லாவை நோக்கி, அண்ணாச்சி பக்கமாக வருவதைப் பார்த்ததும் நான் பாய்லருக்குப் பின்னால் ஒதுங்கினேன். வந்தவர் கூடையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரமா அட்ச்சிகினு இருந்த மூக்கு நேத்துதான் தொறந்துச்சி. அந்த மூலிக டீ இன்னொண்ணு போடு பாய்!"

லூர்து விட்டது

எங்கள் கடைக்கு நாக்கு இரண்டு. ஒன்று என்னுடையது, தொண்டையை நம்ப முடியாததால் நோம்பில் அதற்கு லீவு. இன்னொன்று ராயபுரம் லூர்துவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், என் தோஸ்து. அவர் தலையை ஆட்டினால் அன்றைக்கு டீ சரி, இது கடை திறந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். என் நாக்குக்கு லீவு விட்டாலும் லூர்து நாக்கு இருக்கிறதே என்றுதான் அண்ணாச்சியிடம் அவ்வளவு வீறாப்பாகப் பேசினேன். அதில் விழுந்தது மண். இப்போதெல்லாம் நோம்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சேர்ந்தே வருகின்றன. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், நான் நீட்டிய கிளாஸைத் தொடவில்லை. "டீய வுட்டேன் மாமு. போன வருசம் கறிய வுட்டேன், ஒண்ணியும் தெர்ல. எத்த வுட்டா வலிக்குமோ அத்த வுடணும்னு ஃபாதர் சொன்னாரு" என்றார்.

வலித்தது. மூன்றாம் நாளே அவரும் துண்டு கட்டிக்கொண்டார். மாத்திரை போட அவருக்குத் தடை இல்லை. ஆனால் டீயை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடிப்பது கள்ளாட்டம் என்றார். ஷிப்ட் முடிந்ததும் தினமும் வந்து பாய்லருக்கு எதிரே உட்காருவார். வேறு ரோடு வழியாக வீட்டுக்குப் போகலாமே என்று கேட்டால் முறைப்பார். இரண்டு பேரும் துண்டுத் தலையோடு ஆவியை மோந்துகொண்டு இருப்போம். ஒரு நாள் சொன்னார்: "நீ நோம்பு புடிச்சிகினு கீற, நான் டீய வுட்டுகினு கீறேன். புடிச்சவனுக்கும் வுட்டவனுக்கும் மண்ட ஒரே மாரி இடிக்குது பாரு மாமு!"

இரண்டு தடவை விழுந்த தூள்

கடைசியில் அந்த நாளும் வந்தது. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், வரிசை நகராமல் வண்டிக்காரர்கள் எல்லாரும் கடையில் குவிந்துவிட்டார்கள். தலைக்குள் தாரை தப்பட்டை. வடிகட்டியில் தூள் போட்டேனா இல்லையா என்று குழம்பி, போடவில்லை என்று முடிவு செய்து இன்னொரு தடவை போட்டேன். டிகாஷன் தார் மாதிரி இறங்கியது.

எண்ணூர் அனல் மின் நிலையப் பக்கமிருந்து லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவர், பாவம், முதல் கிளாஸை வாங்கினார். ஒரு வாய்தான். அப்படியே கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்லாவில் இருந்த அண்ணாச்சிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்: "இன்னா பாய், எங்க எண்ணூர் சாம்பல இங்க கரைச்சி வித்துகினு கீற?"

ஞாயிற்றுக்கிழமை

அண்ணாச்சி சொல்லியனுப்பி, அடுத்த ஞாயிறு காலை அந்த மச்சான் கடைப் பையன் புதுத் துண்டோடு வந்து நின்றான். அண்ணாச்சி வாக்கு மாறாதவர். ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சர்ச்சில் பூசை முடிந்து லூர்து வந்ததும் அவரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராதாம், அன்று லூர்து டீ குடிக்கலாம். "பாய் போட்ட டீயக் குடிச்சிட்டு நீரு சொல்லும். நல்லாருக்குன்னா இவரே நிக்கட்டும், இல்லன்னா நாளைலருந்து அவன்" என்றார். என் அடுப்பு லூர்துவின் நாக்கில் வந்து நின்றது. இருக்கிற ஞாபகத்தை எல்லாம் திரட்டி ஒரு டீ போட்டு நீட்டினேன். லூர்து கிளாஸை ஓரமாக நகர்த்தினார். "சாய்ங்காலம் ஆவட்டும். பாய் நோம்பு தொறக்காம நான் இன்னாத்துக்கு குடிக்கணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது இவருக்கு என்ன வீம்பு? குடித்துத் தொலைத்தால் என்ன? அன்று லீவு நாள் வேறு. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். போகவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்க அந்தப் பெஞ்சிலேயே கிடந்தார். குடிக்க அனுமதி இருந்த ஒரே நாளில், கண்ணெதிரே டீ கொதித்துக்கொண்டிருக்க, நெற்றியைத் தேய்த்தபடி கிடந்தார். பிற்பகல் அசர் தொழுகை தாண்டியபோது என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து நோம்பு திறந்தேன். அவருக்கும் ஒரு பழம் கொடுத்தேன். பள்ளிவாசல் கஞ்சியை இரண்டு பேரும் பகிர்ந்து குடித்தோம். பிறகு இரண்டு டீ போட்டேன். முதல் மடக்கு இறங்கியதும் லூர்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். கடையில் இருப்பது கேஸ் அடுப்பு. லூர்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தீர்ப்புச் சொன்னார்: "தூளு ஜாஸ்தி. சக்கர கம்மி. ஆனா தலவலி பூட்ச்சி."

அந்தப் பையன் துண்டை உதறித் தோளில் போட்டான். நான் அடுப்பைவிட்டு நகர்ந்தேன். அண்ணாச்சி எழுந்து வந்து என் கையில் இருந்த கரண்டியை வாங்கினார், அதை என் கையிலேயே திரும்ப வைத்தார். "ஒரு மனுசன் நாள் பூரா வலியோட காத்துக் கெடந்து குடிக்கான். அதுக்கு மேல நான் என்னத்த ருசி பாக்க? நீரே நில்லும் பாய். சக்கரய மட்டும் பாத்துப் போடும்."

முப்பது நோம்பும் முடிந்து பெருநாள் காலையில் நான் குடித்த முதல் டீ ஜரீனா போட்டது, அது என் டீயைவிட நன்றாக இருந்தது, தயவுசெய்து இதை அண்ணாச்சியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.